என் அம்மாவின் மூன்று இட்லி

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில், மனையியல் துறையில் 1988 முதல் 1991 வரை படித்த மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீதான் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறாயே, 'பெருந்தொற்றும் தாய்மாரின் உணவுப் பழக்கமும்' என்று ஒரு கால் மணி நேரம் பேசேன்" என்றார். நானும் சரி என்று ஒத்துக்கொண்டு, அட்டவணையெல்லாம் போட்டு, பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்தேன். நேற்றிரவு திருச்சியிலிருந்து வரும்போது ரயிலில் அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். யாரோ யாருக்கோ எழுதிய மாதிரி இருந்தது. அந்தக் காகிதங்கள் என் பையிலேயே இருக்கின்றன. வேண்டுமானவர்கள் பிறகு வாங்கிப் படிக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தாயின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அவள் என் அம்மா.

என் அம்மாவை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். விடுதி வாசலில் அலுமினியக் கூடையோடு வந்து நிற்பாளே, அவளேதான். காகிதத்தில் சுற்றி நெத்திலிக் கருவாடு கொண்டுவருவாள். "ஐயே, நாற்றம்" என்று மூக்கைப் பிடித்தவர்களெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் அறைக்கு வந்து, விடுதி ரசஞ்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதைத்தான் கேட்டீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. இரண்டு பேர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று. எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அதற்கப்புறம் தடா, சூளூர்பேட்டை என்று ஆந்திரா வந்துவிடும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரி என்று சொல்கிறோமே தவிர உப்புத் தண்ணீர்தான். ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நடுவில் நின்று கடலை மறைக்கிறது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். ஏரிக்கரையில் நொச்சிக்குப்பம் முதலாக வரிசையாகக் குப்பங்கள். அதில் ஒரு குப்பம் எங்களுடையது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்வது. கூட்டுறவுப் பாடத்தில் நாம் படித்ததையெல்லாம் எங்கள் தாத்தா காலத்திலேயே செய்து கொண்டிருந்தார்கள்.

ஏரியில் இறால், நண்டு, மடவை, கிழங்கான் எல்லாம் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நல்லது ஐஸ் பெட்டிக்கு, நசுங்கினது சட்டிக்கு. பெரிய இறாலும் உயிரோடு இருக்கிற சேற்று நண்டும் ஏஜெண்டிடம் போய்விடும். அந்த நண்டைக் கொடுக்கில் கயிறு கட்டி சிங்கப்பூருக்கு விமானத்தில் அனுப்புவார்கள். கொடுக்கு முறிந்த நண்டும் சின்னப் பொடிமீனும் எங்களுக்கு. மீன் பிடிக்கிற வீட்டில் மீன் கொட்டிக் கிடக்கும் என்று நம் வகுப்பில் பலர் நினைத்துக் கொண்டிருந்தீர்கள். நெல் விளைவிக்கிற வீட்டில் எத்தனை நாள் நல்ல அரிசிச் சோறு என்று கேட்டுப் பாருங்கள், அதே கதைதான்.

இனி அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்கிறேன். 2020-க்கு முன்னால் இருந்த நாள். விடியற்காலை கரையில் ஏலம். மீனை எடுத்துக் கூடையில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு, ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவாள். வெண்டர் பெட்டியில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. கீரைக்காரி, பூக்காரி, தயிர்க்காரி எல்லோரும் இருபது வருஷப் பழக்கம். ஒருத்தி சுண்டல் கொண்டுவருவாள், ஒருத்தி வேர்க்கடலை. அம்மா பதிலுக்குச் சென்னாக்குன்னிப் பொடி கொடுப்பாள். திருவொற்றியூரில் இறங்கினால் முதல் வேலை அம்மா உணவகம். 2013-ல் சென்னையில் ஆரம்பித்தார்களே, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். மூன்று ரூபாய்க்கு மூன்று இட்லி. மத்தியானம் விற்று முடித்துவிட்டு சாம்பார் சாதம். சில நாள் டீக்கடையில் ஒரு அவித்த முட்டை. சாயந்திரம் வீட்டுக்கு வந்து சமைத்து, எல்லோருக்கும் போட்டு, மிச்சத்தைத் தானும் சாப்பிட்டுப் படுப்பாள்.

இதை நான் பாடத்திட்டப்படி மதிப்பெண் போட்டால் பெரிய மார்க் கிடைக்காது. பால் இல்லை, பழம் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். நாளைக்கு இரண்டு வேளை அவள் உட்கார்ந்து, சூடாக, தன் காசில் சாப்பிட்டாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், "ஏம்மா ரோட்டுல துன்னுற, வீட்ல துன்னா ஆவாதா?" என்று திட்டியிருக்கிறேன்.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அன்றோடு புறநகர் ரயில் நின்றது. 25-ஆம் தேதி முதல் நாடே நின்றது. மாநில எல்லையை மூடினார்கள். எங்களுக்குச் சூளூர்பேட்டைதான் பக்கத்துக் கடைத்தெரு, அதுவும் போச்சு. நான் திருச்சியில், அம்மா ஆரம்பாக்கத்தில். போன் ஒன்றுதான் வழி.

முதல் இரண்டு வாரம் என்ன நடந்தது தெரியுமா? வெளிநாட்டு விமானம் நின்று போனதால் சிங்கப்பூர் போக வேண்டிய நண்டு குப்பத்திலேயே தங்கிவிட்டது. வாங்க ஆளில்லை. ஐஸ் கிடையாது. கம்பெனிக்காரன் வண்டி வராது. கட்டின வலையில் விழுந்ததை என்ன செய்வது? சாப்பிட வேண்டியதுதான். அம்மா போனில் சிரித்தாள்: "யம்மாடி, நாப்பது வருசமா கட்டி அனுப்புனேன், இப்பதான்டி முழு நண்டு துன்றேன். இவ்ளோ சதை இருக்குதுன்னு எனக்கே தெரியாது." அவளுக்கு அப்போது வயது அறுபத்தேழு. நண்டு ரசம், இறால் தொக்கு என்று தினம் ஒரு பட்டியல் சொல்வாள். நான் திருச்சியில் முருங்கைக்கீரையும் முட்டையுமாக உட்கார்ந்து பொறாமைப்பட்டேன். கொரோனாவால் கெட்டதில் ஒரு நல்லது என்று என் தோழி ஒருத்தியிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

அந்தப் பேச்சோடு என் கவலை தீர்ந்தது. என் தப்பும் அங்கேதான் ஆரம்பம்.

மீனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீடு எத்தனை நாள் ஓடும்? எண்ணெய், புளி, மிளகாய், டீசல், பிள்ளைக்குப் பால் பவுடர் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ரேஷனில் அரிசி கிடைத்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2011-லிருந்தே அரிசி இலவசம். ஊரடங்கில் ஆயிரம் ரூபாயும், பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். அந்த அரிசி இல்லையென்றால் எங்கள் குப்பத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஏரிக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் காலையிலிருந்து நின்று அவர்கள் பிடித்து வந்ததற்குப் பாதி விலைக்குக்கூட ஆளில்லை. இறாலைக் கொடுத்து மிளகாய் மாற்றிக்கொண்டு போனார்களாம். ஜூன் 19-லிருந்து 30 வரை சென்னையோடு சேர்த்துக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூரிலும் முழு ஊரடங்கு. ஜூலை, ஆகஸ்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரடங்கு. மீன் விற்கிற நாளே ஞாயிற்றுக்கிழமைதான், தோழியரே!

வீட்டில் மொத்தம் ஆறு பேர். பெரிய தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பையன்கள், சிப்காட் கம்பெனி மூடியதால் வேலையில்லாமல் வந்து உட்கார்ந்த சின்னத் தம்பி, அம்மா. பையன்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சத்துணவு உண்டு, வாரம் ஐந்து முட்டை. பள்ளி மூடியதும் அரிசி பருப்பாகக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஒரு வேளை அடுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆண்கள் வீட்டில் இருந்தால் மூன்று வேளையும் சமையல், நடுவில் இரண்டு டீ. முன்பு ஐந்து மணி நேரம் நின்ற அடுப்பு இப்போது நாள் முழுக்க எரிந்தது. ஊதினவள் அம்மா.

இதற்கு நடுவில் மே மாதம் மருமகளுக்குப் பிரசவம். பெண் குழந்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கட்டாயம். அவித்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. மருத்துவம் என்ன சொன்னாலும், பெற்றவளுக்கு நல்ல புரதம் கிடைக்கட்டும் என்று நான் அதை எதிர்த்துப் பேசியதே இல்லை. அது கடல் மீன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம். அந்த வருஷம் மட்டும் மே 31 வரை என்று சுருக்கியிருந்தார்கள். காசிமேடு போய் வாங்க வழியே இல்லை. அம்மா கரையோரம் குப்பம் குப்பமாக விசாரித்து, ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் அரைக்கிலோ குட்டிச்சுறா வாங்கினாள். கொடுத்த விலை என்ன தெரியுமா? அவளுடைய இரண்டு வெள்ளிக் கால்மெட்டி. இது எனக்குத் தெரிந்தது செப்டம்பரில்தான்.

அந்தப் புட்டில் ஒரு வாய் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டால், மருமகள்தான் பதில் சொன்னாள்: "அத்த சட்டியக் கழுவிக் குடிச்சாங்க அண்ணி."

மருமகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மாமியார் பட்டினி என்றதும் மருமகளைத்தான் எல்லோரும் சந்தேகிப்பீர்கள். அவள் நல்ல பெண். தொற்று இருந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும், பால் கொடுக்காதே என்று ஆளாளுக்கு அவளை மிரட்டினார்கள். அவள் கேட்கவில்லை. அவளும் பசித்துத்தான் கிடந்தாள். பிள்ளை அழுதால் அவளுக்கு ஒரு கவளம் கிடைக்கும். அம்மாவுக்காக அழ யார் இருக்கிறார்கள்?

இன்னொரு கூத்து கபசுரக் குடிநீர். வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அம்மா காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இது குடிச்சா பசியே தெரியலடி" என்று பெருமையாகச் சொன்னாள். நான் அதையும் சிரித்துக் கேட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு தினமும் போன் செய்வேன். "யம்மா, துன்னியா?" என்பேன். "ஆயிடுச்சு" என்பாள். "நீ துன்னியா? புள்ளைங்க துன்னுச்சா?" என்று திருப்பிக் கேட்பாள். ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல், இதே கேள்வி, இதே பதில்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிக்க நாங்கள் மாணவிகளுக்கு ஒரு முறை கற்றுத் தருகிறோம். '24 மணி நேர நினைவுகூரல்' என்று பெயர். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து இன்று காலை வரை, எத்தனை மணிக்கு, எதை, எந்தக் கரண்டியால், எத்தனை கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். டம்ளரையும் கிண்ணத்தையும் காட்டிக் கேட்க வேண்டும். "யாருடன் சாப்பிட்டீர்கள்" என்பதையும் எழுத வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதை நடத்துகிறேன். "துன்னியா" என்று கேட்கிற மாணவிக்கு செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

என் வீட்டுக் கதையும் ஒரு வரி. ஆன்லைன் வகுப்பு, வீட்டில் இரண்டு பையன்கள், கணவர். அவர்கள் தட்டில் விட்ட தோசை ஓரம், பாதி நூடுல்ஸ், வீணாகக் கூடாது என்று எல்லாம் என் வாய்க்குள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமில்லை. அடுப்பு மேடையருகே நின்றபடிதான். எனக்கு ஆறு கிலோ கூடியது. சம்பளம் வருகிற வீட்டில் மிச்சம் அதிகம்; வராத வீட்டில் மிச்சமே இல்லை. இரண்டு இடத்திலும் அம்மாக்காரி சாப்பிடுவது மிச்சத்தைத்தான்.

ஆகஸ்ட் கடைசி வரை இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்ட முடியாது. செப்டம்பர் 1-ஆம் தேதி அதை எடுத்தார்கள். ஐந்தாம் தேதி வாடகைக் கார் பிடித்துப் போய் இறங்கினேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. மற்ற நாளானால் கார் நிற்குமுன் கதவைத் திறப்பாள். கிட்டே போய்க் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. நகம் தட்டையாகிக் குழி விழுந்திருந்தது. மூச்சு வாங்கியது. கொரோனாவோ என்று பயந்து முதலில் அந்தச் சோதனை; இல்லை என்று வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

டாக்டர் வேறு எங்கும் இரத்தப்போக்கு இல்லை என்று பார்த்துவிட்டு, பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். ஐந்து மாதத்தில் மட்டும் வந்ததாக இருக்காது, முன்பே குறைவாக இருந்திருக்கும் என்றார். சரியாகத்தான் சொன்னார். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று! அந்தக் கணக்கில் என் அம்மா வரவே மாட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு அதில் இரத்தசோகைச் சோதனை செய்யவில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு, திண்ணையில் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். டம்ளர், கரண்டி, கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, மாணவியைப் போலக் கேட்டேன்.

காலை ஐந்து மணி: வரட்டீ ஒரு டம்ளர். பதினோரு மணி: வடிகஞ்சி, உப்புப் போட்டு. மூன்று மணிக்கு எல்லோரும் சாப்பிட்டபிறகு சோறு இரண்டு கரண்டி, குழம்பு. மீன்? "குழம்புல மீன் வாசம் இருக்குமே." நாலு மணி: மறுபடி வரட்டீ. ராத்திரி: தண்ணி ஊற்றின சோறு, இருந்தால் சுட்ட கருவாட்டில் ஒரு துண்டு, இல்லாத நாள் பச்சை மிளகாய். அவ்வளவுதான். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சோற்றில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் ஒட்டாது என்பது நம் இரண்டாம் வருஷப் பாடம். பசியை அடக்க அவள் அதைத்தான் குடித்திருக்கிறாள். மீன் துண்டு ஒன்று சோற்றோடு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும் என்பதும் அதே பாடம். மீன்கார வீட்டில் அந்தத் துண்டு அவள் தட்டுக்கு வரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அனுப்புன பணம் இன்னாச்சு? வீட்ல அரிசி இருக்குது, மீன் இருக்குது, உனக்கு மட்டும் இன்னா கேடு?" என்று கத்தினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "வூட்ல அத்தினி பேரும் குந்தினு இருக்கசொல்ல, நா எப்டிடி முன்னாடி குந்தித் துன்றது? ஆம்பளப் புள்ளைங்க வேல இல்லாம மூஞ்சத் தொங்கப் போட்டுனு இருக்குதுங்க. பச்ச ஒடம்புக்காரி ஒருத்தி. பேரப்புள்ளைங்க சட்டியப் பாத்துனே இருக்குது. அங்கன்னா என் காசு. மூணு இட்லி. ஒரு பய பாக்க மாட்டான்."

பன்னிரண்டு பக்கம் எழுதினேன் என்றேனே, அதில் எங்கும் இது இல்லை. வீட்டில் உணவு குறைந்ததால் தாயின் உணவு குறைந்தது என்றுதான் நான் எழுதியிருந்தேன். அது பாதிதான். 2020 செப்டம்பர், அக்டோபரில் உணவு உரிமை இயக்கம் பல மாநிலங்களில் ஏழைக் குடும்பங்களை விசாரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குச் சாப்பாட்டு அளவு குறைந்தது என்றார்கள். அதை நான் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் என் அம்மா விஷயத்தில், நண்டு கொட்டிக் கிடந்த வாரத்தைத் தவிர, வீட்டுச் சட்டியில் அவளுக்கு என்றைக்கும் பெரிய பங்கு இருந்ததில்லை. அவளை நிறுத்தி வைத்திருந்தது வீட்டுக்கு வெளியே, ரயிலில், ரோட்டில், தன் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்த காசில் அவள் சாப்பிட்ட இரண்டு வேளை. ரயில் நின்ற அன்று அது நின்றது. எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை, ஏனென்றால் அது 'வீட்டு உணவு' அல்ல.

ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். மூன்று இட்லியில் இரும்புச்சத்து ஒன்றும் பிரமாதமாகக் கிடையாது. சாம்பார் சாதத்துப் பருப்பு, டீக்கடை முட்டை, கீரைக்காரியின் சுண்டல், இவைதான் வேலை செய்திருக்கும். ஆனால் அம்மாவிடம் கேட்டால் இட்லி என்றுதான் சொல்வாள்.

பத்து நாள் ஊரில் இருந்தேன். தம்பிகளைக் கூப்பிட்டு, இனிமேல் அம்மாவும் உங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். பெரிய தம்பி அழுதுவிட்டான். "அக்கா, நா பாக்கவே இல்லக்கா" என்றான். பொய் இல்லை. அவன் சாப்பிட்டுக் கையலம்பிப் போனபிறகுதானே அவள் உட்காருகிறாள்! அன்று மத்தியானம் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து நானே பரிமாறினேன். அம்மா தட்டில் மடவை இரண்டு துண்டு வைத்தேன். ஒரு துண்டைப் பிட்டு சின்னப் பேரன் தட்டில் வைத்தாள். நான் முறைத்தேன். "முள்ளு பாத்துக் குடுத்தேன்" என்றாள். மூன்றாம் நாள் மறுபடி அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதற்காக இரண்டு நாள் உட்கார்ந்ததே பெரிது.

நவம்பர் 23 முதல் பெண்களைப் புறநகர் ரயிலில், நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும், போகவிட்டார்கள். அதாவது காலை கூட்டம் ஓய்ந்தபிறகு. அந்த நேரத்துக்கு மீன் கொண்டுபோனால் திருவொற்றியூரில் யார் வாங்குவார்கள்? அம்மா ஒரு நாள் யோசித்தாள். பச்சை மீனை விட்டுவிட்டுக் கருவாட்டுக்கு மாறினாள். கருவாட்டுக்கு நேரம் கிடையாது, ஐஸும் வேண்டாம். மாத்திரை சாப்பிட்டு அப்போது 9.8 வந்திருந்தது. போக வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் தடுத்தோம். மருமகள் மட்டும் பேசாமல் கூடையை எடுத்துக் கழுவிவைத்தாள். கும்மிடிப்பூண்டி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில்.

அன்று மத்தியானம் அம்மாவே போன் செய்தாள். அவளாகப் போன் செய்தது அதுதான் முதல் முறை. பின்னால் பஸ் ஹாரன், ஒரே சத்தம்.

"துன்னேன்" என்றாள்.

"இன்னா துன்ன?" என்றேன். பாடம் படித்தவள் அல்லவா.

"லேட்டாப் போனனா, இட்லி தீந்துபோச்சாம். சாம்பார் சாதம் ஒரு பிளேட்டு. முட்ட ஒண்ணு. பூக்காரி வந்திருந்தா, அவ குடுத்த கொய்யாப்பயம் பாதி. டீ குடிக்கல. நீ வேணாம்னு சொன்ன இல்ல?" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "போதுமா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

கீரைக்காரி வரவில்லை. முதல் அலையில் ஜூலை மாதமே போய்விட்டாளாம். அவள் இடத்தில் யாரும் கூடை வைப்பதில்லை என்று அம்மா அப்புறம் ஒரு நாள் சொன்னாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் போனாள். இப்போது முழங்கால் வலி. ரயில் ஏற முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவள் பெயருக்கு வருகிறது. நானும் தம்பி கணக்கில் போட்டுக்கொண்டிருந்த பணத்தை நிறுத்திவிட்டு அவள் கணக்கிலேயே போடுகிறேன். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். அம்மா தினமும் காலையில் நாலு கூறு கருவாடு எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலுக்குப் போய் உட்காருகிறாள். விற்றால் விற்கும். பக்கத்தில் ஒரு இட்லிக்கடை இருக்கிறது. அங்கே இட்லி பத்து ரூபாய். "கொள்ளடிக்கிறான்" என்று திட்டிக்கொண்டே இரண்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் பட்டியல் வந்துவிடும்.

தலைவி மணியைக் கையில் எடுத்துவிட்டார். உங்களுக்கென்று அம்மா ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், நெத்திலிதான். மத்தியானச் சாப்பாட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேடையில் இருக்கிற அந்த இரண்டு பேரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.